சர்வரில் ஏற்றிய பிறகு

2016 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமைக் காலை, கும்பகோணத்திலிருந்து ஐயா தொலைபேசியில் அழைத்தார். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அவர். காவிரிப் படுகையின் பாசனச் சொற்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தொகுத்துக் கட்டுரைகளாக எழுதி வந்தார். அந்தக் கட்டுரைகளுக்காக நான் கட்டிய இணையதளத்தை முந்தின நாள் மாலைதான் என் மடிக்கணினியிலிருந்து, இணையத்தில் தளத்தை வழங்கும் கணினியான சர்வருக்கு ஏற்றியிருந்தேன்.

"தம்பி, தளம் திறக்குது. ஆனா என் கட்டுரை எதையும் படிக்க முடியல. பிரெஞ்சு எழுத்து மாதிரி என்னமோ நிரம்பிக் கிடக்கு. பாதிப் படத்தையும் காணோம்."

என் மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. நான்கு மாதங்களாகச் சரியாக இருந்தது. ஐயா என் வீட்டுக்கு வந்த நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதே திரையில் தம் கட்டுரைகளைப் படித்துப் பார்த்துத் திருத்தங்களும் சொல்லியிருக்கிறார். ஒரே நிரல், ஒரே தரவுத்தளம், ஒரே படங்கள். ஓர் இடத்தில் வேலை செய்த தளம் இன்னோர் இடத்துக்குப் போனதும் ஏன் உடைகிறது என்ற கேள்வி அன்று எனக்குப் புதிது. அதற்குப் பிறகு எத்தனையோ தளங்களைச் சர்வரில் ஏற்றிவிட்டேன். ஆனாலும் நான் கற்றதில் பெரும்பகுதி அந்த முதல் வாரத்தில் கற்றதுதான். அந்த வாரத்தில் ஐயாவுக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் படங்கள். கட்டுரைகளில் ஏறத்தாழ 60 படங்கள் இருந்தன. அவற்றில் சில தெரிந்தன, சில தெரியவில்லை. நான் முதலில் செய்தது, தெரியாத படங்களை, கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் எஃப்.டி.பி. வழியாக மீண்டும் ஏற்றியதுதான். அதனால் ஒன்றும் மாறவில்லை. கோப்புறையின் அனுமதியை 777 என்று மாற்றிப் பார்த்தேன். அந்தச் சர்வரில் அது தளம் முழுவதையும் 500 என்ற பிழைக்குத் தள்ளிவிட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்ட கோப்புறையிலிருந்து நிரலை இயக்க மறுக்கும்படி பல பகிர்வுச் சர்வர்கள் அமைக்கப்பட்டிருக்கும். அப்படி மறுப்பதே முறை. கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்று பழைய நிலைக்குத் திருப்பினேன். இதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

அதன் பிறகுதான் தெரியாத படங்களை விட்டுவிட்டுத் தெரிகிற படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு பட்டியல்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் காரணம் தானாகத் தெரிந்தது. என் கைப்பேசியில் எடுத்த படங்கள் எல்லாம் தெரிந்தன. கேமராவில் எடுத்தவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கேமரா தன் கோப்புகளுக்கு ஜே.பி.ஜி. என்ற பின்னொட்டை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இட்டிருந்தது. நானோ நிரலில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸ் தன் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. எப்படிக் கேட்டாலும் அதே கோப்பை எடுத்துக் கொடுத்துவிடும். லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். கேட்ட பெயரில் கோப்பு இல்லையென்றால் 404 என்று சொல்லிவிடும். எனவே பிழை சர்வரில் தோன்றியதாகச் சொல்வது சரியாகாது. அது நான்கு மாதங்களாக என் நிரலில் இருந்தது. விண்டோஸ் அதைப் பொறுத்துக்கொண்டது.

பெயர்களை மாற்றியதும் கேமராப் படங்கள் வந்துவிட்டன. ஆனாலும் நான்கைந்து படங்கள் அடம் பிடித்தன. அவை ஐயாவின் மகள் தம் மேக் கணினியிலிருந்து ஏற்றியவை. கோப்புகளுக்குத் தமிழிலேயே ஆற்றின் பெயரை இட்டிருந்தார். 'குடமுருட்டி' தெரிந்தது, 'அரசலாறு' தெரிந்தது, 'வெண்ணாறு' தெரிந்தது. 'கொள்ளிடம்' தெரியவில்லை, 'கோரையாறு' தெரியவில்லை. சர்வரில் பார்த்தால் 'கொள்ளிடம்' என்ற கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. நிரலில் பார்த்தால் அதே 'கொள்ளிடம்' எழுதப்பட்டிருக்கிறது. ஒற்றெழுத்துப் பிழைகூட இல்லை.

இந்த முறை தாளில் எழுதுவதற்கு முன்பே கண்ணில் பட்டது: தெரியாத பெயர்கள் எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் (குறியெண்) தரும் யூனிகோடு முறையில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். ஒகரக் குறிக்கென்று தனியான ஒரே குறியெண் இருக்கிறது. அதையே, முன்னால் வரும் ஒற்றைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு சொல்கிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்தக் காலத்து மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமித்தது. விசைப்பலகையில் நான் தட்டியதோ சேர்ந்த வடிவம். லினக்ஸ் சர்வர் எழுத்தைப் பார்ப்பதில்லை, அதைச் சேமித்து வைக்கும் எண்களான பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுகிறது. அதற்கு இரண்டும் வேறு வேறு ஆறுகள். நாம் சிலேட்டில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் எழுதிப் பழகிய அதே 'கொ', கணினிக்குள்ளும் இரண்டு விதமாக வாழ்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அன்றிலிருந்து படக் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதை நான் தவிர்த்து வருகிறேன். தமிழ்ப் பெயர் வைப்பது தவறு என்பதால் அல்ல. பல கணினிகளைக் கடந்து போகும் கோப்பு அது என்பதால். பெயரைத் தமிழில் காட்டுவதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

படங்கள் சனிக்கிழமை மாலைக்குள் முடிந்தன. எழுத்துகளுக்கு வருகிறேன்.

ஐயா பிரெஞ்சு என்று சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பக்கம் முழுவதும், மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதையடுத்து வணிகச் சின்னங்களின் பக்கத்தில் வரும் வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி. மறுபடியும் சாய்கோட்டு 'ஏ', மறுபடியும் ஏதோ ஒன்று. தமிழ்த் தளங்களில் வேலை செய்கிறவர்கள் இந்தக் கோலத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். அது ஏன் எப்போதும் ஒரே தோற்றத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். யூ.டி.எஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்கள். தமிழின் எல்லா எழுத்துகளுக்கும் முதல் எண் 224தான். இரண்டாவது எண் 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே எழுத்துக்கு எழுத்து மாறும். இந்த எண்களை, ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து என்று கணக்கிடும் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தின் வழியாகப் படித்தால், 224 என்பது சாய்கோட்டு 'ஏ', 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்', 175 என்பது மேல்கோடு. ஆகவே அந்தக் கோலம் வெறும் குப்பை அல்ல. உள்ளே தமிழ் முழுதாக இருக்கிறது. தவறான அட்டவணையை வைத்துப் படிக்கிறோம், அவ்வளவுதான். இதற்கு நேர் மாறானது கேள்விக்குறிகள். பக்கம் முழுவதும் கேள்விக்குறி வரிசைகள் தெரிந்து, தரவுத்தளத்திலும் அப்படியே இருந்தால், மாற்ற முடியாத எழுத்துக்குப் பதிலாக ஏதோ ஒரு மென்பொருள் கேள்விக்குறியை எழுதிவைத்துவிட்டது என்று பொருள். பழைய எண் அங்கே இல்லை. அதைத் திரும்பப் பெற வழியும் இல்லை. கோலத்தைக் கண்டால் பதற வேண்டியதில்லை. கேள்விக்குறியைக் கண்டால் உடனே கையை எடுத்துவிட்டுப் பேக்கப்பைத் தேட வேண்டும். இது எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

என் தளத்தில் நடந்தது இதுதான். என் மடிக்கணினியில், சர்வர் மென்பொருள்களை ஒன்றாகத் தரும் ஸாம்ப் என்ற தொகுப்பு வழியாக நிறுவிய தரவுத்தள மென்பொருளின் இயல்பான குறியாக்கம் அந்தப் பழைய ஐரோப்பியக் குறியாக்கம். மை எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மென்பொருளில் இந்த இயல்பு நிலை, 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் யூ.டி.எஃப்-8இன், ஓர் எழுத்துக்கு நான்கு பைட்டுகள் வரை இடம் தரும் வடிவத்துக்கு மாறியது. நான் தரவுத்தள அட்டவணைகளை யூ.டி.எஃப்-8 என்று சொல்லித்தான் உருவாக்கினேன்; பக்கங்களையும் யூ.டி.எஃப்-8 என்றே அறிவித்திருந்தேன். ஆனால் நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் இருக்கும் இணைப்புக்கும் ஒரு குறியாக்கம் உண்டு என்பதை அறியாமல், அதை அமைக்காமல் விட்டுவிட்டேன். நிரல் 'அ' என்று மூன்று பைட்டுகளை அனுப்பியது. இணைப்பு அதை மூன்று ஐரோப்பிய எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மறுபடி யூ.டி.எஃப்-8ஆக மாற்றிச் சேமித்தது. திரும்பப் படிக்கும்போது அதே இணைப்பு தலைகீழாக மாற்றி, அதே மூன்று பைட்டுகளைக் கொடுத்தது. திரையில் 'அ' தெரிந்தது. போகும்போது ஒரு பிழை, வரும்போது அதற்கு எதிரான பிழை. இரண்டும் ஒன்றையொன்று மூடிக்கொண்டன. சர்வரில் இணைப்பின் இயல்பு நிலை யூ.டி.எஃப்-8ஆக இருந்தது. அங்கே வரும்போது நடக்க வேண்டிய எதிர்ப்பிழை நடக்கவில்லை. சர்வர் சரியாக இருந்ததால்தான் என் பிழை வெளியே வந்தது.

இதற்கான தடயம் என் மடிக்கணினியிலேயே நான்கு மாதங்களாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தரவுத்தளத்தைப் பார்க்கும் பி.எச்.பி.மைஅட்மின் திரையில் கட்டுரைகள் கோலமாகத்தான் தெரிந்தன. அது அந்த மென்பொருளுக்குத் தமிழ் வராததால் என்று முடிவு கட்டி, தளத்தில் சரியாகத் தெரிகிறதே என்று கடந்து போயிருந்தேன். உண்மையில் உள்ளே இருந்ததை உள்ளபடி காட்டியது அந்தத் திரை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் முயன்றது ஒரு குறுக்குவழி. தரவுத்தளத்தை ஒரு கோப்பாக இறக்கி, ஓர் உரைத்திருத்தியில் திறந்து, அந்தப் பழைய குறியாக்கத்துக்கு மாற்றிச் சேமித்து, மறுபடி யூ.டி.எஃப்-8 என்று திறந்தேன். திரையில் தமிழ் வந்ததும் நிம்மதியாக இருந்தது. படிக்கத் தொடங்கியபோதுதான் எதுவோ குறைவது தெரிந்தது. புள்ளிகள் இல்லை. 'தமிழ்' என்ற சொல்லின் கடைசியில் ஒரு கறுப்புக் கட்டம். 'குமிழி'யில் உகரம் இல்லை. 'ஏரி'யில் 'ஏ' இல்லை. ஒரு கட்டுரை முழுவதையும் சலித்துப் பார்த்தபோது தொலைந்தவை நான்கே நான்கு: மெய்யெழுத்தின் புள்ளி, உகரக் குறி, 'ஏ', 'ஐ'.

நான்கு மட்டும் ஏன் என்று அன்று பிற்பகல் முழுவதும் தேடினேன். விண்டோஸ் பயன்படுத்தும் அந்தப் பழைய அட்டவணையில் 256 இடங்கள் உண்டு. அவற்றில் ஐந்து இடங்கள் காலியாக விடப்பட்டவை: 129, 141, 143, 144, 157. உகரக் குறியின் மூன்றாவது எண் 129. புள்ளியின் மூன்றாவது எண் 141. 'ஏ'வுக்கு 143, 'ஐ'க்கு 144. அட்டவணையில் இருக்கை இல்லாத அந்த எண்களை உரைத்திருத்தி வழியிலேயே இறக்கிவிட்டது. தமிழில் மிகுதியாக வரும் குறிகளில் ஒன்று புள்ளி. அதற்குப் போய் ஒரு காலி இருக்கை வாய்த்திருக்கிறது. நல்லவேளையாக இதை ஒரு நகலில்தான் செய்து பார்த்தேன். மை எஸ்.க்யூ.எல். தனக்குள் மாற்றும்போது இந்த ஐந்து இடங்களையும் விட்டுவிடாமல் அப்படியே கடத்துகிறது என்று அதன் கையேட்டில் படித்தேன். எனவே மாற்றத்தைத் தரவுத்தளத்துக்கு உள்ளேயே செய்ய வேண்டும்: தரவுத்தள அட்டவணையை முதலில் பழைய குறியாக்கத்துக்கு மாற்றுவது, பிறகு குறியாக்கமே இல்லாத வெறும் பைட்டுகளாக மாற்றுவது, அதன் பிறகு அவை யூ.டி.எஃப்-8 என்று அறிவிப்பது. முறை சரியானது, இன்றும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இனிதான் நான் எழுதத் தயங்கிய பகுதி.

சனிக்கிழமை பிற்பகல் ஐயா இன்னொரு முறை அழைத்திருந்தார். "தம்பி, பழசுதான் அப்படித் தெரியுது. இன்னிக்கு நான் புதுசா ஒண்ணு ஏத்தினேன், அது நல்லாத் தெரியுதே" என்றார். நான் அப்போது படக் கோப்புகளின் பெயர்களை மாற்றிக்கொண்டிருந்தேன். "சரிங்க ஐயா, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் சொன்னது ஒரு செய்தியாகத்தான் என் காதில் விழுந்தது. பிழையின் முழு விளக்கமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது: சர்வருக்கு வந்த பிறகு எழுதியவை சரியான இணைப்பின் வழியாகச் சரியாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன, என் மடிக்கணினியில் எழுதியவை மட்டும் இருமுறை மாற்றப்பட்டவை. ஒரே அட்டவணையில் இரண்டு வகைத் தரவு கலந்திருக்கிறது. படங்களில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று தாளில் பிரித்து எழுதிய நான், கட்டுரைகளில் அதைச் செய்யவில்லை.

ஞாயிறு இரவு அந்த மூன்று கட்டளைகளையும் அட்டவணை முழுவதன் மீதும் ஓட்டினேன். நான்கு மாதக் கட்டுரைகள் அத்தனையும் ஒரு புள்ளிகூடக் குறையாமல் திரும்பி வந்தன. சனி, ஞாயிறு இரண்டு நாட்களில் ஐயா சர்வரில் நேரடியாக எழுதியிருந்த மூன்று கட்டுரைகளும் கேள்விக்குறிகள் ஆயின. அவை ஏற்கெனவே நல்ல தமிழாக இருந்தவை. பழைய குறியாக்கத்தில் தமிழுக்கு இடம் இல்லை. முதல் கட்டளையிலேயே ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக மாறிவிட்டது. இழப்பு நேரும்போது மாற்ற மறுத்து நிற்கும் கண்டிப்பு முறை அந்தச் சர்வரில் அணைக்கப்பட்டிருந்தது. சர்வர் நிறுவனம் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் பேக்கப் அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தையது. நான் கட்டளைகளை ஓட்டுவதற்கு முன் பேக்கப் எடுக்கவில்லை. என் மடிக்கணினியில் மூலம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். மடிக்கணினியில் இருந்தது வெள்ளிக்கிழமை வரைக்குமான மூலம்.

மறுநாள் காலையில் ஐயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மறுபடி எழுதிடலாம் தம்பி. அந்தக் கேள்விக்குறியை மட்டும் அழிச்சுடாதீங்க, எனக்கு அச்செடுத்து அனுப்புங்க" என்றார். எதற்கு என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அடுத்த வாரம் கும்பகோணம் போனபோது பார்த்தேன். மாற்றத்தில் தொலைந்தவை தமிழ் எழுத்துகள் மட்டுமே. இடைவெளிகளும் காற்புள்ளிகளும் எண்களும் பத்திப் பிரிவுகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி. 'மடை' என்றால் மூன்று, 'மதகு' என்றால் நான்கு, 'கலிங்கு' என்றால் ஏழு. ஐயா அச்செடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறிகளைப் பென்சிலால் எண்ணி, "இந்த இடத்துல ஏழு வருது, அப்போ கலிங்குன்னுதான் எழுதியிருக்கேன்" என்று தாமே எழுதிய வாக்கியங்களைத் தாமே மீட்டுக்கொண்டிருந்தார். யாப்பிலக்கணம் நடத்திய ஆசிரியர். அசை பிரிக்கும் கை அது.

மூன்றில் இரண்டு அப்படித் திரும்பி வந்தன. மூன்றாவது, அவருடைய ஊருக்கு அருகில் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியாக இருந்த ஒரு முதியவர் அந்தச் சனிக்கிழமை சொன்னவற்றைக் கேட்டு அன்றிரவே தட்டச்சு செய்தது. சொற்பட்டியல் ஒரு சீட்டில் இருந்தது. முதியவர் அவற்றைச் சொன்ன விதம், எந்த வயலைக் காட்டிச் சொன்னார் என்பதெல்லாம் கட்டுரையில் மட்டுமே இருந்தன. சொற்பட்டியலை மட்டும் தளத்தில் இட்டோம்.

மற்றவை சிறிய பிழைகள். தேடல் பக்கம் வெள்ளையாக, ஓர் எழுத்தும் இல்லாமல் வந்தது. வெள்ளைப் பக்கம் என்றால் பிழைச் செய்தியைப் பார்வையாளருக்குக் காட்டாதபடி சர்வர் மறைத்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்த ஏற்பாடு சரியானதே, ஏனென்றால் பிழைச் செய்தியில் கோப்புகளின் இருப்பிடம் வரை எல்லாம் வெளியாகும். செய்தி, சர்வர் பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாக் என்ற கோப்பில் இருக்கும். நான் நிரலை மூன்று முறை வரி வரியாகப் படித்த பிறகே லாக்கைத் திறந்தேன். கடைசி வரியிலேயே காரணம் இருந்தது. தமிழ் எழுத்தை நடுவில் வெட்டிவிடாமல் சொற்றொடரைச் சுருக்க உதவும் எம்.பி. செயற்கூறுகள் அந்தச் சர்வரில், நிரல் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி.யில் இயக்கப்படவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் தேடல் வேலை செய்தது. லாக் இருக்கும்போது ஊகம் எதற்கு என்று இப்போது என்னிடம் உதவி கேட்கும் இளைஞர்களிடம் முதலில் கேட்கிறேன். அவர்கள் பெரும்பாலும் லாக் எங்கே இருக்கிறது என்றே பார்த்திருக்க மாட்டார்கள்.

திருத்திய பிறகும் ஐயாவின் திரையில் பழைய கோலமே தெரிந்ததும் உண்டு. அவருடைய உலாவி பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டியது. கேச் எனப்படும் இந்தச் சேமிப்பு செய்யும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சரியான திருத்தத்தைத் தவறு என்று எண்ணி, அதைக் கலைத்துவிட்டு வேறொன்றைச் செய்யத் தூண்டிவிடும். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்தால் சேமித்த நகலின் தொல்லை பெரும்பாலும் விலகும். அதன் பிறகு முடிவுக்கு வரலாம்.

கடைசியாகத் தீர்ந்தது தேதி. ஐயா விடியற்காலை 4 மணிக்கு எழுந்து எழுதுகிறவர். மீட்டெழுதிய முதல் கட்டுரையை ஒரு வியாழக்கிழமை அதிகாலை ஏற்றினார். தளம் புதன்கிழமைத் தேதியைப் போட்டது. அதற்கு முன் மாலையில் ஏற்றிய ஒரு குறிப்புக்குத் தேதி சரியாக விழுந்திருந்தது. இந்த முறை நான் நிரலைத் திறக்கவில்லை. "ஐயா, எந்த எந்த நேரத்துல ஏத்தினப்போ தேதி சரியா விழுந்துச்சு?" என்று கேட்டேன். அவர் தம் நாட்குறிப்பைப் பார்த்துச் சொன்னார்: காலை 6 மணிக்கு ஏற்றியது சரி, 4.40க்கு ஏற்றியது தவறு, 5.15க்கு ஏற்றியதும் தவறு. சர்வரின் கடிகாரம் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 5.30 வரை அந்தச் சர்வருக்கு முந்தின நாள்தான். என் மடிக்கணினியில் இந்திய நேரம் அமைந்திருந்ததாலும், நான் 4 மணிக்கு எழுகிறவன் அல்ல என்பதாலும், இது ஒருபோதும் எனக்குத் தெரிந்திருக்காது. நிரலின் தொடக்கத்தில் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று ஒரு வரி சேர்த்தேன்.

இப்போது எந்தத் தளத்தை ஏற்றுவதானாலும், உண்மையான பக்கங்களுக்கு முன்னால் ஒரு சோதனைப் பக்கத்தை ஏற்றுகிறேன். அதில் 'ஐந்து ஏரிக்கும் கொள்ளிடத்துக்கும் கோரையாற்றுக்கும் மதகு' என்று ஒரு வரி தரவுத்தளத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. பின்னொட்டைப் பெரிய எழுத்தில் கொண்ட ஒரு படமும் சிறிய எழுத்தில் கொண்ட ஒரு படமும் இருக்கின்றன. இணைப்பின் குறியாக்கமும் சர்வரின் நேரமும் அச்சாகின்றன. அந்த வரியை ஐயாதான் எழுதிக் கொடுத்தார். எந்த எழுத்துகளெல்லாம் வர வேண்டும் என்று நான் பட்டியல் கொடுத்தபோது, பொருளும் இருக்கட்டும் தம்பி என்று சொல்லி, ஒரு நிமிடத்தில் எழுதித் தந்தார்.